உடையாருக்கும் ஒரு கை தண்ணீர்

மேயர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார், நிறுத்துகிற எண்ணம் முகத்தில் இல்லை, கழுத்திலே தொப்புள் வரைக்கும் தொங்குகிற பதவிச் சங்கிலி, தங்கமோ முலாமோ தெரியாது, அடிமைகளுக்கு நினைவுக்கல் திறக்க வருகிற மனிதர் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வரலாமே என்று அந்தப் பெரிய கவுன்சிலில் ஒரு மண்டைக்காவது தோன்றவில்லை, அவர் குனிந்து தாளைப் பார்க்கும்போதெல்லாம் அது ஒலிவாங்கியில் இடித்துக் கிலுங்குகிறது, கிலுங்கும்போதெல்லாம் முன்வரிசையில் இருக்கிற கறுப்புக் கிழவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், நல்ல காலம், சிரிக்கவில்லை. மழை என்று சொல்ல முடியாத ஒரு மழை. குடை விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்குமாம், விரிக்கக்கூடாதாம், அதனால் மேயருக்கு மட்டும் ஒரு பெண் குடை பிடிக்கிறாள். இந்த நாட்டில் மழையும் முழுதாகப் பெய்யாது, மன்னிப்பும் முழுதாகக் கேட்க மாட்டார்கள். வருந்துகிறோம் என்கிறார் மேயர். கல்லிலும் அந்தச் சொல்லைத்தான் வெட்டியிருக்கிறார்கள். மன்னிப்பு என்று வெட்டினால் நாளைக்கு யாராவது நட்டஈடு கேட்டு வழக்குப் போடுவார்கள் என்று கவுன்சிலின் சட்டத்தரணி சொன்னாராம், இதை எனக்குச் சொன்னது என் சிநேகிதி டெல்சி. அவள் இந்தக் கல்லுக்கான கமிட்டியில் இருந்தவள், ஒரு சொல்லுக்காக இரண்டு குளிர்காலம் சண்டை பிடித்துக் கடைசியில் தோற்றவள். இதே இடத்தில் முன்பு ஒரு வியாபாரியின் சிலை நின்றது. ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு நான் வேலைக்குப் போன காலம் முழுக்க என் பஸ் அவனைச் சுற்றித்தான் திரும்பும், கையில் சுருட்டிய தாள், தலையில் புறா எச்சம், நல்ல மனிதனாகத்தான் இருப்பான், இல்லாவிட்டால் ஏன் நடுச்சந்தியில் வைத்திருக்கிறார்கள் என்பது என் அப்போதைய அறிவு. ஆட்களைக் கப்பலில் ஏற்றி விற்ற காசில் பள்ளிக்கூடம் கட்டினவன் என்று டெல்சிதான் ஒருநாள் நான் உருளைக்கிழங்கு உரிக்கும்போது பக்கத்தில் இருந்து சொன்னாள். பிறகு ஊர்வலம், கூச்சல், பேப்பரில் படம், கடைசியில் ஒருநாள் கிரேன் கொண்டுவந்து அவனை இறக்கினார்கள், பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலில் இருந்து இறக்குவது போல அவ்வளவு பக்குவமாக, இப்போது மியூசியத்தில் பஞ்சு மெத்தையில் சரிந்து படுத்திருக்கிறான். அவன் விற்ற ஆட்கள் படுத்த பலகையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் போன இடத்தில் இந்தக் கல். கறுப்புக் கல், நடுவில் குழி, குழிக்குள் தண்ணீர். இதைச் செய்த சிற்பி, தலைமுடியை உச்சியில் கொண்டை போட்ட வெள்ளைக்காரப் பையன், மேயருக்கு முன்னால் பேசினான், இந்தக் குழி இல்லாமையைக் குறிக்கிறது என்றான், இல்லாமையைத் தொட்டுப் பார்க்க வாருங்கள் என்றான். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் ஆட்டுக்கல். தோசைக்கு அரைக்கலாம். எனக்குப் பக்கத்தில் இருக்கிற யோகாம்பிகைக்கும் அதே நினைவுதான் வந்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டு, "குழவியை எங்கை வைச்சிட்டினம்?" என்று என் காதுக்குள் கேட்டாள், நானும் சிரித்துவிட்டேன், சிரித்த பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது, இவளோடு சேர்ந்து சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டேனா. யோகாம்பிகை எனக்குச் சம்பந்தியாகப் போகிறவள். அவளுடைய புருஷன் தில்லைநாயகத்தார் எங்கள் தமிழ்ச் சங்கத்துத் தலைவர், பதினைந்து வருடமாக அவர்தான் தலைவர், தேர்தல் என்று ஒன்று நடக்கும், அவரே அதற்குத் தேநீரும் ஒழுங்கு பண்ணுவார். இப்போது இரண்டாம் வரிசையின் ஓரத்தில் பட்டுவேட்டிக்கு மேலே தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருக்கிறார். அழுகிறார். உண்மையாகவே அழுகிறார், அதுதான் தாங்க முடியவில்லை, நடிப்பென்றால் கைதட்டிவிட்டுப் போகலாம். கவுன்சிலில் இருந்து எல்லாச் சமூகங்களுக்கும் அழைப்பு வந்தது, ஒவ்வொரு சமூகத்தில் இருந்தும் ஒருவர் வந்து கல்லில் இருந்து தண்ணீர் அள்ளி வார்த்துத் தங்கள் முன்னோர் ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று. எந்த முன்னோர் என்பதை அவர்கள் விளக்கமாக எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள், அடிமைகளின் கல்லுக்கு முன்னால் யாருடைய பெயரைச் சொல்வது என்று கழுதைக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் நிர்வாகக் குழு கூடி, இது எங்களுடைய மாளயம் மாதிரி ஒரு முன்னோர் வணக்கம் என்று கண்டுபிடித்தது. குத்துவிளக்குக் கொண்டுவரக் கேட்டார்கள், நெருப்புக் கூடாதென்று கவுன்சில் பற்றரியில் எரிகிற மெழுகுதிரி ஒன்றைக் கொடுத்தது. பொன்னாடை கொண்டுவந்தார்கள், அதை மேயருக்குச் சங்கிலிக்கு மேலேயே போர்த்தியும் ஆயிற்று, அவர் அதை வைத்துக் கல்லை மூட வேண்டுமோ என்று கொஞ்ச நேரம் முழித்தார். சங்கக் கூட்டத்தில் தில்லைநாயகத்தார் பேசினது இன்னும் காதில் நிற்கிறது, கறுப்பினச் சகோதரரின் வலி எங்களுக்குத்தான் விளங்கும், நாங்களும் நசுக்கப்பட்ட இனம், எங்கள் வீடுகளும் எரிந்தன. அது பொய்யில்லை. என் தம்பியும் ஷெல் விழுந்துதான் செத்தான். என்ன சாதி என்று விசாரிக்காமல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அந்த ஷெல் ஒன்றுதான்.

என் சாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் மகள் தர்சிகாவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது, இல்லை, இப்போது துவாரகனுக்கும் தெரியுமாம், காலையில் காருக்குள் வைத்துத்தான் அவள் சொன்னாள். துவாரகன் தில்லைநாயகத்தாரின் ஒரே மகன். வருகிற வெள்ளிக்கிழமை பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்குகிற நாள், அடுத்த ஞாயிறு கலியாணம், மண்டபம் எடுத்தாயிற்று, மேளகாரர் லண்டனில் இருந்து வருகிறார்கள். "அம்மா, அவனுக்குத் தெரியும். தனக்குப் பிரச்சினை இல்லையெண்டு சொல்லிப்போட்டான். அப்பாவுக்கு மட்டும் இப்ப தெரியக்கூடாதாம். கலியாணம் முடிஞ்சு ஆறுதலாச் சொல்லலாமாம்." பிரச்சினை இல்லையாம். பெரிய மனசு. எங்கே அவன், இதோ நடைபாதையில் நின்று மேயரைக் கைத்தொலைபேசியில் பிடிக்கிறான், பின்னேரம் இணையத்தில் போட்டுவிடுவான், கை முட்டியை மடக்கிக்கொண்டு, கீழே கறுப்பு உயிர்களும் உயிர்கள்தான் என்று எழுதுவான், முன்பும் எழுதியிருக்கிறான், அப்பாவுக்கு முன்னால் மட்டும் அவனுக்கு நாக்கு உள்ளே போய்விடும். நல்ல பெடியன்தான். குடியில்லை, சிகரெட் இல்லை, என் பிள்ளையைப் பார்க்கிற பார்வையில் கள்ளம் இல்லை. இதையெல்லாம் நானே எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். தர்சிகாவின் கை என் முழங்காலில் இருக்கிறது, குளிர்கிறதென்று வைத்தாளா, நான் எழும்பிவிடாமல் இருக்க வைத்தாளா. "நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம், சும்மா இருங்கோ, அவ்வளவுதான்," என்றாள் காரில், "எனக்காக." எனக்காக என்ற பிறகு தாய்க்கு என்ன கதை இருக்கிறது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது, முதலில் விரும்பினவன் ஊரில் விசாரித்துவிட்டுப் போனவன், அவனுடைய தாய் தொலைபேசியில் ஒரேயொரு வசனம்தான் சொன்னாள், எங்களுக்குள்ளை சரிவராது தங்கச்சி. அதற்குப் பிறகு பிள்ளை ஆறு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை, கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள், நான் கதவுக்கு வெளியே தட்டோடு இருந்தேன். இன்னொரு முறை அப்படி இருக்க என்னால் முடியாது. அதனால்தான் யோகாம்பிகை முதல்முதல் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீரைக் கையில் வாங்கியதும், ஒரு வாய்கூடக் குடிக்காமல், "நேசமலர், நீங்கள் ஊரிலை எவடம்?" என்று கேட்டபோது டவுன் என்றேன். டவுனில் எவடம். ஸ்டேசனுக்குக் கிட்ட. எந்தக் கோயிலடி. நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறனாங்கள். அவள் தேத்தண்ணீரைக் கையில் வைத்தபடியே எங்கள் தெருவைத் தேடிக்கொண்டிருந்தாள். இதற்கென்றே இவர்களிடம் ஒரு வழி இருக்கிறது, ஊர், ஒழுங்கை, கோயில், பள்ளிக்கூடம், மாமன் பெயர், ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் கையை வைப்பார்கள், ஒருநாளும் நேரே கேட்க மாட்டார்கள், நேரே கேட்டால் மரியாதையில்லையாம். வேதக்காரர் என்றதும் அவளுக்கு வழி தவறிவிட்டது. பிறகுதான் தேத்தண்ணீரைக் குடித்தாள்.

எனக்கு அவர்களுடைய வீட்டு வளவு தெரியும். அதுதான் வேடிக்கை. நான் டவுனும் இல்லை, ஸ்டேசனடியும் இல்லை, தில்லைநாயகத்தாரின் ஊர்தான் என் ஊர், அவருடைய பேரனார், தகப்பனைப் பெற்றவர், உடையார் அம்பலவாணரின் வளவுக்குப் பின்பக்கம், பனங்காணிக்குள் எங்கள் கொட்டில். தில்லைநாயகத்தாருக்கு என்னைத் தெரியாது. விடுமுறைக்குக் கொழும்பில் இருந்து வருகிற வெள்ளைச் சப்பாத்துப் பிள்ளை அவர், எங்கள் முகத்தை எப்போது பார்த்தார். அந்த வீட்டில் ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை, எங்கள் கையைப் பார்ப்பார்கள், எங்கே வைக்கிறோம், எதைத் தொடுகிறோம் என்று. ஐயா, என்னைப் பெற்ற தகப்பன், அந்த வளவுக்குள் போகும்போது தோளில் கிடக்கிற துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பின்படலைக்கு வெளியே நின்று செருமுவார், கூப்பிட மாட்டார், கூப்பிட எங்களுக்குச் சொல் இல்லை, செருமல்தான். உடையாருக்கு நிலம் இருந்தது, நிலத்தோடு நாங்களும் இருந்தோம். ஒல்லாந்தன் எழுதி வைத்த சட்டத்தில் எங்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது, அடிமைகள் பற்றியது, எப்படி விற்பது, எப்படிச் சீதனத்தோடு கொடுப்பது, யாருடைய பிள்ளை யாருக்குச் சொந்தம். பிறகு வெள்ளைக்காரன் ஒரு நாள் அடிமை முறை இல்லை என்று எழுதினான், கடதாசியில் இல்லாமல் போனது, படலையில் இருந்தது. மேயர் இப்போது கப்பலைப் பற்றிச் சொல்கிறார், எத்தனை பேரை ஏற்றினார்கள், எத்தனை பேரைக் கடலில் எறிந்தார்கள். எங்களை யாரும் கப்பலில் ஏற்றவில்லை. ஏற்றத் தேவை இருக்கவில்லை. நான் டெல்சியின் துயரத்தோடு என்னுடையதை வைத்து அளக்க மாட்டேன், அளக்கக்கூடாது, அவளுடைய ஆட்களுக்குப் பாஷையே பிடுங்கப்பட்டது, எங்களுக்கு அது மிஞ்சியது, அந்தப் பாஷையில்தான் எங்களை ஏசினார்கள். ஆனால் ஒன்று. இந்த வெள்ளைக்காரர் வெட்கம் கெட்டவர்களாக இருந்தாலும், நூறு வருடம் பிந்தினாலும், அந்த வியாபாரியை ஒருநாள் கீழே இறக்கினார்கள். அவனை இறக்கிய அதே கோடையில் எங்கள் சங்கம் என்ன செய்தது? காசு சேர்த்து ஊர்ச் சந்தியில் உடையாருக்கு மார்பளவுச் சிலை வைத்தது. பெருவள்ளல், கல்விக்கொடையாளர் என்று பீடத்தில் வெட்டினார்கள். திறப்புவிழாவைச் சங்க மண்டபத்தில் பெரிய திரையில் காட்டினார்கள், மாலை, மேளம், ஐயர், எல்லாரும் கைதட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள், நானும் சாப்பிட்டேன், நெய் கூடுதலாக விட்டிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் தில்லைநாயகத்தார் இங்கே வியாபாரியின் சிலையை இறக்க வேண்டும் என்ற மனுவிலும் கையெழுத்து வைத்தார். இரண்டு கையும் அவருடையதுதான், ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது, அவ்வளவு சுகமான மனிதர்.

கைதட்டுகிறார்கள், மேயர் முடித்துவிட்டார். டெல்சி எழும்புகிறாள். எழும்புகிறாள் என்று சொல்வது லேசு, இரண்டு முழங்காலும் மாற்றிவைத்தவள், கதிரையின் கைப்பிடியில் ஊன்றி, கெட்ட வார்த்தை ஒன்றை மூக்குக்குள் சொல்லி, வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தலைப்பாகையுமாக நிமிர்கிறாள். டெல்சி ஆர்ச்சர், பார்படோசில் இருந்து பத்தொன்பது வயதில் வந்தவள், முப்பது வருடம் எலும்பு முறிவு வார்டில் தாதி, உடைந்த கையை இழுத்துப் பொருத்துவதில் டாக்டர்களே அவளைத்தான் கூப்பிடுவார்கள் என்று வார்டு முழுக்கச் சொல்வார்கள். இடைவேளையில் எங்கள் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் இருப்பாள், வேறெங்காவது இருந்தால் மற்றத் தாதிகள் எழும்பிவிடுவார்களாம், அந்தக் காலம் அப்படி. அவளிடம்கூட நான் என் கதையைச் சொல்லவில்லை. ஒருமுறை சொல்லப் பார்த்தேன், ஆனால் உங்கள் எல்லாருக்கும் ஒரே நிறம்தானே நேசா என்று கேட்பாளே, அதற்குப் பதில் சொல்லித் தொடங்கினால் விடியும். ஒலிவாங்கியைச் சிற்பியின் கையில் இருந்து பிடுங்குகிறாள். முறையைச் சொல்கிறாள், இது தன் ஆட்களின் முறை, பிசக விடமாட்டேன் என்கிறாள். வருகிறவர் கல்லில் இருந்து ஒரு கை தண்ணீரை அள்ள வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், சொன்ன பெயரை எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் தண்ணீரை மண்ணில் விடலாம். பெயர் சொல்லிவிட்டு யாரும் போய்க் கதிரையில் குந்தக்கூடாது, கல்லைச் சுற்றிக் கைகோத்து நிற்க வேண்டும், அடுத்தவர்களின் செத்தவர்களுக்கும் பெயர் சொல்ல வேண்டும். "சுற்றி நிற்கிற ஒருவர் சொல்லாமல் விட்டாலும் நான் அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டேன். எனக்கு அவசரம் இல்லை. எங்கள் ஆட்கள் நெடுங்காலம் காத்திருந்தவர்கள்." மேயர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

அவளே முதலில் அள்ளுகிறாள். பெபா, என்கிறாள். சதுக்கம் முழுவதும் பெபா என்கிறது. ஆஷே என்கிறார்கள், அப்படியே ஆகட்டும் என்பது போல ஒரு சொல். தண்ணீர் மண்ணில் விழுகிறது. ஒரு கிழவர் வருகிறார், குவாமி என்கிறார். ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை, பெயர் தெரியாது, கரும்பு ஆலையில் கை போனவள் என்று மட்டும் தெரியும் என்கிறாள், டெல்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "கை போனவள்" என்கிறாள், எல்லாரும் சொல்கிறோம், கை போனவள். இவ்வளவு நேரம் எனக்குள் எரிந்துகொண்டிருந்தது எங்கோ போய்விட்டது, யோகாம்பிகைகூட மூக்கை உறிஞ்சுகிறாள். பஸ்சும் காரும் போகிற நடுச்சந்தியில் இத்தனை சனம் நின்று, யாரோ ஒருத்தியை, பெயரே இல்லாத ஒருத்தியைக் கூப்பிடுகிறது. எனக்கும் கூப்பிட ஆள் இருக்கிறது என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. வந்ததும் பயமும் வந்தது, நாக்கு நுனியில் பெயர் வந்து நிற்கிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை பொன்னுருக்கு. தர்சிகா என்னைப் பார்க்கவில்லை, முழங்காலில் இருக்கிற கை மட்டும் இறுகுகிறது, இந்தப் பிள்ளைக்கு என் மூச்சு மாறினாலே தெரிந்துவிடும். சும்மா இரு நேசமலர். இத்தனை வருடம் இருந்தாயே, இன்னும் ஒரு கிழமைதானே, பேரப்பிள்ளை பிறந்தால் அவர்களும் அடங்கிவிடுவார்கள், அடங்காவிட்டால் என்ன, பிள்ளை தன் வீட்டில் இருப்பாள், நீ உன் வீட்டில் இருப்பாய். சும்மா இரு.

"தமிழ்ச் சமூகம்," என்று டெல்சி கூப்பிடுகிறாள். தில்லைநாயகத்தார் கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பட்டுவேட்டியும் சால்வையுமாக நடந்து போகிறார், கையில் வீட்டில் இருந்து கொண்டுவந்த செம்பு. கல்லுத் தண்ணீரில் அவர் கை வைக்க மாட்டார், செம்பால்தான் அள்ளுவார் என்று பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, எத்தனை பேருடைய கை பட்ட தண்ணீர். அள்ளுகிறார். செம்பை நெஞ்சுக்கு நேரே பிடித்துக் கண்ணை மூடுகிறார். யாரைச் சொல்லப்போகிறார், எங்கள் தலைவர்கள் யாரையாவது சொல்வார், செத்துப்போன பிள்ளைகளை யாரையாவது சொல்வார், சொல்லட்டும், அதுவும் சரிதான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கணீரென்று, திருவிழாவில் உபயகாரரைக் கூப்பிடுகிற குரலில், "உடையார் ஆறுமுகத்தார் அம்பலவாணர்!" என்கிறார்.

காது பிழையோ என்று பார்த்தேன். பிழையில்லை. யோகாம்பிகை பெருமையாக நிமிர்ந்து உட்காருகிறாள், மாமனாருடைய தகப்பன் அல்லவா. இந்தக் கல்லுக்கு முன்னால் யாரைச் சொல்வதென்று இவருக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை, இதில் சூது இல்லை, வஞ்சகம் இல்லை, முன்னோர் என்றார்கள், தன் வீட்டில் பெரியவரைச் சொன்னார், அடிமை என்ற சொல்லைக் காலையில் இருந்து நூறு தரம் கேட்டும், அதற்கும் தன் வீட்டுப் பின்படலைக்கும் ஏதாவது ஒரு தொடர்பு இருக்கலாம் என்று அந்த மண்டைக்குள் ஒரு ஈகூடப் பறக்கவில்லை. அதைவிடக் கேவலம் பிறகுதான் வந்தது. சனம் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லப் பார்க்கிறது. குவாமியின் பேரன் சொல்கிறார். கை போனவளின் பேத்தி சொல்கிறாள். நீண்ட பெயர், வாயில் சிக்குகிறது, சிரித்துக்கொண்டே மறுபடி கேட்கிறார்கள், தில்லைநாயகத்தார் ஒவ்வொரு பகுதியாக உடைத்துச் சொல்லிக்கொடுக்கிறார், உடையார், ஆறுமுகத்தார், அம்பலவாணர், அவர்கள் ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்கிறார்கள், மரியாதைக்குரிய ஆட்கள், விருந்தாளியின் செத்தவருக்குப் பிழையாகச் சொல்லக்கூடாதென்று அவ்வளவு கவனம். டெல்சி சொல்கிறாள். என் டெல்சி, கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்து, உடையாருக்கு ஆஷே என்கிறாள். எங்களைக் கிணற்றுக் கட்டுக்குக் கிட்ட வரவிடாமல், யாராவது வந்து வார்க்கும்வரை வெய்யிலில் குடத்தோடு நிற்கவைத்த மனிதனுக்கு, அடிமைகளின் பிள்ளைகள் தண்ணீர் வார்க்கிறார்கள்.

நான் எழும்பினது எனக்குத் தெரியாது. தர்சிகாவின் கை முழங்காலில் இருந்து வழுகி என் சேலையைப் பிடித்தது தெரியும். "அம்மா. அம்மா, இருங்கோ." குரல் சின்னப் பிள்ளையின் குரல். அந்தக் கதவும், தட்டில் ஆறிய சோறும் கண்ணுக்கு முன்னால் வந்தன, ஆனாலும் கால் நிற்கவில்லை. "எங்கை போறியள், நேசமலர்?" என்கிறாள் யோகாம்பிகை, "எங்களுக்கு ஒராள்தான் எண்டவை." சங்கத்துக்கு ஒராள், சரி, நான் எந்தச் சங்கம். டெல்சி என்னைக் கண்டதும் ஒலிவாங்கியை என் வாய்க்கு நேரே பிடித்தாள். தில்லைநாயகத்தார் ஒரு பக்கம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வட்டத்தில் நிற்கிறார், "வாங்கோ தங்கச்சி, வாங்கோ," என்று பெரிய மனதோடு சிரிக்கிறார். நான் கையை முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விடுகிறேன். என்ன குளிர். தமிழில்தான் சொல்கிறேன், வேறெந்தப் பாஷையில் சொல்ல.

"என்ரை ஐயா. உடையார் அம்பலவாணரின்ரை வளவிலை மாடு பாத்த, அடிமைகுடிமை வேலன்."

சனத்துக்குத் தமிழ் தெரியாது, கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. வேலன்! சின்னப் பெயர், ஒருவருக்கும் சிக்கவில்லை, பின்வரிசையில் தள்ளுவண்டியோடு நிற்கிறவள்கூடச் சொல்கிறாள், வேலன். இரண்டாம் வரிசையில் எங்கள் ஆட்கள் மட்டும் சொல்லவில்லை. யாரோ செருமுகிறார்கள். யோகாம்பிகை புருஷனின் கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டுக் கைப்பையை எடுக்கிறாள். தில்லைநாயகத்தாரின் சிரிப்பு முகத்திலேயே நிற்கிறது, அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு ஐயாவைத் தெரியும். வெள்ளைச் சப்பாத்தோடு மாட்டுக்கொட்டிலுக்குள் வந்து, தன்னைவிட நாற்பது வயது மூத்த மனிதனை டேய் என்று கூப்பிட்டு, தோளில் ஏற்றச் சொல்லித் தோட்டம் முழுக்கச் சவாரி போன பிள்ளை. டெல்சி வட்டத்தை ஒரு சுற்றுப் பார்க்கிறாள். அவர் சொல்லவில்லை என்பதைக் கண்டுவிட்டாள். "ஐயா," என்கிறாள், ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக, "உங்களுடையதை நாங்கள் எல்லாரும் சொன்னோம்." சதுக்கம் காத்திருக்கிறது. மேயர் காத்திருக்கிறார், துவாரகனின் தொலைபேசி அப்பாவின் முகத்துக்கு நேரே அப்படியே நிற்கிறது, இறக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. தில்லைநாயகத்தார் குனிந்து தன் செம்பைப் பார்க்கிறார். "வேலன்," என்கிறார், உதட்டுக்குள். "கேட்கவில்லை," என்கிறாள் டெல்சி. "வேலன்!" என்கிறார். அந்த வீட்டில் ஒருவர் டேய் போடாமல் என் ஐயாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. கையில் இருந்த தண்ணீரை விட்டேன்.

யோகாம்பிகை வரிசையைத் தாண்டிப் போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. துவாரகன் நடைபாதையிலேயே நிற்கிறான், தாய்க்குப் பின்னாலும் போகவில்லை, என் மகள் பக்கமும் வரவில்லை, இவனுக்கு யாராவது வந்து இடம் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை பொன் உருகாது, அது எனக்குத் தெரியும். தர்சிகா கதிரையை விட்டு எழும்பி நிற்கிறாள், முகம் முழுக்க ஈரம், "அம்மா, காணும்," என்கிறாள், "காணும், போதும், வாங்கோ." அவள் என்னை மன்னிக்க நாள் எடுக்கும், மன்னிக்காமலும் விடலாம், கதவுக்கு வெளியே தட்டோடு நான்தான் இருக்க வேண்டும், இருப்பேன். ஆனால் காணாது பிள்ளை. இன்னும் பெயர் சொல்ல என் அம்மா இருக்கிறா, பெரியண்ணன் இருக்கிறான், பெயரைக் கேட்கவே ஆளில்லாமல் செத்தவர்கள் பனங்காணி முழுக்க இருக்கிறார்கள். மறுபடி கையைத் தண்ணீருக்குள் விடுகிறேன். தில்லைநாயகத்தார் கையை உருவப் பார்க்கிறார். டெல்சி விடவில்லை. "அடுத்த பெயர்?" என்று என்னைக் கேட்கிறாள்.